பெற்றோல் பாதி, பற்றரி பாதி!

கொழும்பில் ஒரு மனிதன் கடனாளி ஆவதற்கு மூன்று ராஜபாட்டைகள் உண்டு. ஒன்று கலியாணம். இரண்டு வீடு. கலியாணத்தில் ஏற்கெனவே நடந்து முடித்துவிட்டேன். வீடு வாடகைதான் என்றாலும், வெள்ளவத்தையில் அட்வான்ஸ் கேட்கிற கேள்வியில் அதுவும் கடன்தான். மிச்சமிருந்த மூன்றாவது பாதையில் 2022 செப்ரெம்பரில் கால் வைத்தேன். ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினேன்.

'பழைய' என்று சொன்னால் விற்றவருக்குக் கோபம் வரும். விளம்பரத்தில் அவர் போட்டிருந்தது "லேடி டொக்டர் பாவித்தது". இலங்கையில் விற்பனைக்கு வருகிற கார்களில் முக்கால்வாசியை லேடி டொக்டர்கள்தான் ஓடியிருக்கிறார்கள். அவ்வளவு பேரும் காரிலேயே திரிந்தால் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது யார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். நேரில் போய்ப் பார்த்தால் விற்பவர் மீசை வைத்த ஒரு ஆடைத்தொழிற்சாலை முகாமையாளர். "டொக்டர் எங்கே?" என்று கேட்டேன். "அது அதற்கு முந்தின ஆள்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

காரின் ஜாதகம் இதுதான். பிறந்தது 2011இல், ஜப்பானில். டொயோட்டா பிரியஸ், மூன்றாம் தலைமுறை. இந்தக் குலத்தின் பாட்டனார் 1997 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தவர். பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அவர்தான். நம்மவர் சில காலம் ஜப்பானில் ஓடி, அங்கே ஏலத்தில் விலைபோய், கப்பலேறி இலங்கை வந்து, இரண்டு வீடுகளில் வாழ்க்கைப்பட்டு, கடைசியில் என் கையில் வந்து விழுந்தார்.

நான் பி.கொம். 'தேய்மானம்' என்ற ஒரு சொல்லுக்காக ஒரு தவணை முழுவதும் கண் விழித்துப் படித்தவன். மோட்டார் வாகனம் என்பது வருஷா வருஷம் பெறுமதி குறைகிற சொத்து என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினவன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அன்றிலிருந்து பழைய கார்கள் வருஷா வருஷம் விலை ஏறத் தொடங்கிவிட்டன! என் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். என்ன விலைக்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். மனைவியிடம் சொன்ன விலை வேறு. அவளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள்.

"அப்படியென்றால் ஏன் வாங்கினாய்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

2022ஐ மறந்துவிட்டீர்களா? பெற்றோல் செட்டுக்கு முன்னால் மூன்று நாள் காத்துக்கிடந்து, காரிலேயே படுத்து எழும்பி, முன்னால் நின்ற காருக்குப் பெற்றோல் கொடுத்துவிட்டு "முடிஞ்சு போச்சு" என்று பலகை தொங்கவிட்டதைப் பார்த்தவன் நான். அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் ஆள் தயார், பெற்றோல்தான் தயாரில்லை. ஓகஸ்ட்டில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20.

இங்கேதான் கணக்கு வருகிறது. என்னிடம் அப்போது இருந்த கிழட்டுக் கார் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். அப்படியென்றால் 20 லீற்றருக்கு 200 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் புறப்பட்டால் அநுராதபுரத்தில் நிற்கும். அப்பாவோ நல்லூரடியில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர். அம்மா போனபிறகு அவர் தனியாக இருக்கிறார். அநுராதபுரத்தில் கார் நின்றால் நான் புத்தரைக் கும்பிடலாம், அப்பாவைப் பார்க்க முடியாது.

ஹைபிரிட் லீற்றருக்கு இருபது ஓடும் என்றார்கள். இருபது இருபது நானூறு. சொல்லி வைத்தாற்போல யாழ்ப்பாணம்! இந்த ஒரு பெருக்கலுக்காகத்தான் கடன்பட்டேன்.

* * *

கார் வந்த அன்று மாடிவீட்டு அன்ரி கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதை இரவில எந்த பிளக்கிலை குத்துறது? கரண்ட் பில் எல்லாருக்கும் பொதுவோ?"

அதனால் விளக்கிவிடுகிறேன். இந்தக் காரை எங்கும் குத்தத் தேவையில்லை. உள்ளே ஒரு பெற்றோல் எஞ்சின், இரண்டு மின்மோட்டார்கள். ஊர்ந்து போகும்போது மோட்டார் மட்டும் இழுக்கும், எஞ்சின் நித்திரை. வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் எழும்பி வந்து தோள் கொடுக்கும். யார் எவ்வளவு இழுப்பது என்று நடுவில் ஒரு பற்சக்கரத் தொகுதி பங்கு பிரித்துக் கொடுக்கும். (நம் சொந்தக்காரர்களிடம் இப்படி ஒரு பற்சக்கரம் இருந்தால் எத்தனை காணி வழக்கு மிச்சம்!) பிரேக்கை மிதித்தால் மோட்டார் டைனமோவாக மாறிவிடும். மற்றக் கார்களில் வெறும் சூடாகப் போய்விடுகிற வேகம், இதில் மின்சாரமாகப் பற்றரிக்குத் திரும்பி வரும். சிந்துகிற சில்லறையைப் பொறுக்கி உண்டியலில் போடுகிற வேலை. உண்டியல் சின்னதுதான். பற்றரியில் மட்டும் ஓடினால் ஒன்றிரண்டு கிலோமீற்றர் போகும், அவ்வளவுதான். ஆனால் காலி வீதி நெரிசலில் நாள் முழுக்கச் சில்லறை சிந்திக்கொண்டே இருக்கிறதே!

மூன்று மாதம் சொர்க்கம். பிறகு ஒரு நாள் பம்பலப்பிட்டியில், கந்தோர் விட்ட நேரம், கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிவப்பு முக்கோணம் தோன்றியது. ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு அந்த முக்கோணம் என்னவென்று தெரியும். வயிற்றில் புளியைக் கரைக்கும். பெரிய பற்றரி போய்விட்டது என்றால் மனைவியின் மிச்ச நகையும் போய்விட்டது என்று அர்த்தம்.

கொலன்னாவைப் பக்கம் ஒரு பாஸிடம் கொண்டு போனேன். கையில் ஒரு ஸ்கேனர். பிரியஸின் பற்றரி ஒன்றல்ல, 28 துண்டுகள் சேர்ந்த கூட்டம்; எல்லாம் சேர்ந்தால் 201.6 வோல்ட். இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து 14 எண்களாகத் திரையில் காட்டும். பதினான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் பற்றரி சுகம். ஒன்று மட்டும் கீழே விழுந்து கிடந்தால் அங்கே நோய். நம் காரில் பதினான்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஆனால் பற்றரி கொதித்துக்கொண்டிருந்தது.

பாஸ் பின் இருக்கையைக் கழற்றினார். பற்றரிக்குக் காற்று ஊதுகிற விசிறிக்குள் கையை விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "பல்லா!" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. காசும் கொடுத்து ஏச்சும் வாங்குவதா? சிங்களத்தில் 'பல்லா' என்றால் நாய். பிறகுதான் அவருடைய கையைப் பார்த்தேன். ஒரு பிடி பொன்னிற மயிர்! முந்தின வீட்டில் யாரோ நாய் வளர்த்திருக்கிறார்கள். அது பின் சீற்றில் சவாரி போயிருக்கிறது. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது. அதன் வழியாகத்தான் பற்றரி மூச்சு விடுகிறது. அந்த நாயின் மயிரும் கம்பளத் தூசியும் அதற்குள் போய் அடைத்துவிட்டன. சுத்தம் செய்து போட்டார், முக்கோணம் போய்விட்டது. பில் இரண்டாயிரத்துச் சொச்சம். நான் பாஸைக் கட்டிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பழைய ஹைபிரிட் பார்க்கப் போகிற தம்பிமாருக்கு மூன்று விஷயம். ஒன்று, பெயின்ரைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்கேனருடன் ஒரு ஆளைக் கூட்டிப் போய் அந்தப் பதினான்கு எண்களைப் பாருங்கள். இரண்டு, மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பாதீர்கள். பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. மூன்று, "ஒரு செல்தான் பழுது, அதை மட்டும் மாத்தித் தாறன்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். கிழட்டு அணியில் ஒரு இளைஞனைச் சேர்த்தால் அடுத்த மாதம் இன்னொரு கிழவர் படுப்பார்.

* * *

2023 பெப்ரவரி. அப்பா கொழும்புக்கு வந்து கண்ணில் கற்றராக் ஒப்பரேஷன் செய்துகொண்டார். பத்தாம் நாளே "வீட்டை போகவேணும்" என்று தொடங்கிவிட்டார். மூன்றாம் மாடி ஃபிளாட் அவருக்குச் சிறைச்சாலை. "குந்த ஒரு திண்ணையில்லை. உதிலை மனுசர் இருப்பினமோ?" என்பார். டொக்டர் தூசியும் குலுக்கலும் கூடாதென்று சொல்லியிருந்தார். பஸ் சரிவராது. ரயிலும் சரிவராது, அந்த ஜனவரியிலிருந்து அநுராதபுரத்துக்கு அப்பால் தண்டவாளத்தைக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு லீவு இல்லை. ஆக அப்பாவும் நானும் காரும்.

அப்பாவுக்கும் இந்தக் காருக்கும் ஆரம்பத்திலிருந்தே சரிவரவில்லை. அவர் ஒரு காலத்தில் ஒஸ்ரின் ஏ40 வைத்து ஹயர் ஓடியவர். பொனற்றைத் திறந்து காட்டச் சொன்னார். பார்த்தார்.

"ஃபான் பெல்ட் எங்கை?"

"இல்லையப்பா."

"டைனமோ?"

"தனியா இல்லை."

"செல்ஃப்?"

"அதுவும் இல்லை."

"அப்ப உவங்கள் உனக்கு எஞ்சினை விக்கேல்லை. பெட்டியை வித்திருக்கிறாங்கள்" என்று பொனற்றை மூடிவிட்டார்.

அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம். அப்பா கறுப்புக் கண்ணாடியுடன் சினிமாத் தயாரிப்பாளர் மாதிரி முன்னால் இருந்தார். புத்தளத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு; யானை கடக்கும் இடம் என்று பலகைகள். அநுராதபுரம் வந்தபோது என் பழைய கார் இங்கேதான் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெற்றோல் முள் பாதிக்கு மேலே நின்றது. மதவாச்சியில் ஏ9 வீதியைப் பிடித்தோம். வவுனியாவில் பிளேன்ரீ.

ஏ9 இப்போது கம்பளம் விரித்த மாதிரி. அதில் 70க்கு மேல் போகக்கூடாது. எந்த மரத்துக்குப் பின்னால் பொலிஸ்காரர் வேகம் அளக்கிற கருவியுடன் நிற்கிறார் என்று கடவுளுக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் ஒரே சீராக 68இல் ஓடினேன். திரையில் லீற்றருக்கு 22 என்று காட்டியது. சட்டத்துக்குப் பயந்தவனுக்குப் பெற்றோலும் மிச்சம்!

மாங்குளம் தாண்டி முறிகண்டி. இந்த வழியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவதில்லை. தேங்காய் அடித்து, கச்சான் வாங்கித்தான் போவார்கள். தூசி என்பதால் அப்பாவை இறங்க வேண்டாமென்றேன். "அப்ப றேடியோவைப் போட்டிட்டுப் போ" என்றார். இறங்குமுன் பட்டனை அமத்தினேன். றேடியோ பாடியது, விசிறி காற்றடித்தது, திரை மின்னியது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஓடினாலும் சத்தமில்லை, ஓடாவிட்டாலும் சத்தமில்லை, எப்படித் தெரியும்?

தேங்காய் அடித்து, கச்சான் வாங்கி, பழைய கந்தோர் நண்பன் ஒருவனைக் கண்டு, அவனுடைய இடமாற்றக் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பி வர முக்கால் மணித்தியாலம். அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"றேடியோ செத்துப் போச்சு" என்றார். "கொஞ்சம் பொறுத்து விசிறியும். இப்ப எல்லாம்."

பிரேக்கை மிதித்துப் பட்டனை அமத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை. கார் கல்லாகிவிட்டது.

நடந்தது இதுதான். பிரேக்கை மிதித்துப் பட்டனை அமத்தினால்தான் 'ரெடி' என்ற பச்சை எழுத்து வரும்; அப்போதுதான் பெரிய பற்றரியின் கதவு திறக்கும். பிரேக்கை மிதிக்காமல் அமத்தினால் றேடியோவும் விசிறியும் வேலை செய்யும். ஆனால் அவ்வளவு கரண்டையும் தருவது டிக்கியில் இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரி. நம்முடையது கிழடு. அப்பாவின் பாட்டிலும் காற்றிலும் அது மூச்சை விட்டுவிட்டது. பெரிய பற்றரியில் 200 வோல்ட் நிறைந்து கிடக்கிறது. அதன் கதவைத் திறக்கச் சின்னதில் உயிரில்லை. இரும்புப் பெட்டி நிறையக் காசை வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைத் தொலைத்த கதை.

கொலன்னாவை பாஸுக்குப் போன் போட்டேன். டிக்கியும் கரண்டில்தான் திறக்குமாம். அதனால் பொனற்றுக்குள், ஃபியூஸ் பெட்டி மூடிக்குக் கீழே, சிவப்பு மூடி போட்ட ஒரு முனை வைத்திருக்கிறார்களாம். அதிலே பிளஸ், இரும்பிலே மைனஸ். நான் சொல்லச் சொல்ல அப்பா கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கொண்டு நின்றார். வத்தகப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு பட்டா வந்து தேங்காய் அடிக்க நின்றது. ஓடி வந்தது பரந்தன் பொடியன் ஒருவன். அவனிடம் வயர் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன அண்ணை, இருநூறு வோல்ட்டை வீட்டிலை வச்சுக்கொண்டு என்னட்டையோ பன்னிரண்டு வோல்ட் கடன் கேக்கிறியள்?"

கடன் என்ற சொல் எனக்குப் பழகிப்போன ஒன்று. தலையாட்டினேன். வயரைக் கையில் எடுத்தேன். அப்பா பறித்துவிட்டார். "நீ கொமர்ஸ். தள்ளி நில்."

அவர்தான் பூட்டினார். ஒரு கண்ணில் மருந்து, எழுபத்துநாலு வயது, கை நடுங்கவில்லை. பட்டாவை ஐந்து நிமிடம் ஸ்ரார்ட்டில் விட்டோம். பிரேக்கை மிதித்தேன், பட்டனை அமத்தினேன். பச்சை எழுத்து வந்தது.

"என்ன, பிடிக்கேல்லையோ?" என்றார் அப்பா.

"பிடிச்சிட்டுதப்பா."

"சத்தம்?"

"இவ்வளவுதான் சத்தம்."

பரந்தன் பொடியன் காசு வாங்க மறுத்துவிட்டான். அப்பா ஒரு தேங்காய்ப் பாதியும் கச்சான் சரையும் அவன் கையில் திணித்தார். காரில் ஏறி, கிளிநொச்சி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே சிரித்தார்.

"இது எங்கடை ஏ40தான் தம்பி. வேறையொண்டும் இல்லை."

* * *

இளம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடை. கார்கள் நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை. அழுத்தம் குறைந்த அந்தப் பழைய ஒஸ்ரின், மொரிஸ் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடும் என்று எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. கள்ளமாய்க் கிடைக்கிற பெற்றோலைச் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்தி, காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கையை மூடும். கார் ஓடும். பிரசவத்துக்குப் போகிற பெண்கள், பாம்பு கடித்தவர்கள், கலியாண மாப்பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புகையில்தான் போனார்கள்.

"ஸ்ரார்ட் பண்ண ஒரு சொட்டுப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். உனக்கு ஸ்ரார்ட் பண்ணச் சின்னப் பற்றரி, ஓடப் பெரிய பற்றரி. அந்தச் சொட்டு இல்லையெண்டால் பரல் மண்ணெண்ணெய் இருந்தும் பிரயோசனமில்லை" என்றார் அப்பா. "ஜப்பான்காரன் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கிறான்."

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடந்தது. காற்று காரை மெல்ல அசைத்தது. இயக்கச்சி, பளை, கொடிகாமம், சாவகச்சேரி. கைதடி தாண்டினதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது நாவற்குழிப் பாலம்.

1995 ஒக்ரோபர் 30. எனக்கு ஆறு வயது. அன்றிரவு யாழ்ப்பாணம் முழுவதும் இந்தப் பாலத்தால் வெளியேறியது. எதிர்த் திசையில், அதாவது நாங்கள் இப்போது வருகிற பக்கத்துக்கு. ஏ40இன் பின் சீற்றில் அப்பாச்சி, அயல்வீட்டுக் கிழவனும் கிழவியும், ஒரு அரிசி மூட்டை, அதற்கு மேல் நான். அம்மா காருக்குப் பக்கத்தில் நடந்தா. மழை. சனம் நெருக்கி அடித்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தது. எஞ்சினை நிறுத்தினால் திரும்பப் பிடிக்கப் பெற்றோல் வேண்டும். போத்தலில் கொஞ்சம்தான் இருந்தது. அதனால் அப்பா நிறுத்தவேயில்லை. நகராமலே நின்று நின்று மண்ணெண்ணெய் எரிந்தது. பாலத்துக்குக் கிட்ட எண்ணெய் முடிந்துவிட்டது. நாலு பேர் பிடித்துத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அப்பாச்சியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது காரின் கூடு மட்டும் கிடந்தது. அதற்குப் பிறகு அப்பா கார் வாங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை.

பாலத்துக்குக் கிட்ட வந்ததும் ஒரு மாட்டுக்கூட்டம் றோட்டைக் கடந்தது. காலை எடுத்தேன். எஞ்சின் நித்திரைக்குப் போய்விட்டது. கார் சத்தமில்லாமல் மாடுகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினனி?" என்றார் அப்பா.

"நிப்பாட்டேல்லையப்பா. ஓடுது."

கண்ணாடியைக் கீழே இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். சில்லு உருள்வதைப் பார்த்தார். தூசி என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"அண்டைக்கு உது சரிவந்திராது" என்றார் கொஞ்சம் கழித்து. "சத்தமில்லை. சனம் என்னண்டு விலகும்?"

மாடுகள் கடந்து முடிந்தன. எஞ்சின் எழும்பியது.

"ஆனா எண்ணெய் முடிஞ்சிருக்காது" என்றார்.

அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

* * *

நல்லூரடியில் வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது 398 கிலோமீற்றர். சராசரி லீற்றருக்கு 21.2. செலவானது 18.8 லீற்றர். கிழமைப் பங்கு இருபதில் ஒரு லீற்றரும் சொச்சமும் மீதி. ஐந்தொகை சமப்பட்டுவிட்டது. என் வாழ்க்கையில் சமப்பட்ட ஒரே ஐந்தொகை இதுதான். அடுத்த கிழமைப் பங்கில் கொழும்பு திரும்பினேன்.

கியூஆர் பங்கு 2023 செப்ரெம்பரில் முடிந்துபோனது. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியையும் திறந்துவிட்டார்கள். "இப்பவே வித்துப்போடு, பற்றரி எந்த நேரமும் படுக்கும்" என்று கந்தோர் நண்பர்கள் புத்தி சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. என்றைக்கோ ஒரு நாள் படுக்கும். அதற்கென்று மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வருகிறேன். பழைய ஹைபிரிட் வாங்குகிற எவனும் பெற்றோலில் மிச்சம் பிடிக்கிற காசை முழுவதும் லாபமென்று நினைத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. அதில் பாதி பற்றரியுடையது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பதினான்கு எண்களையும் பார்க்கிறேன். சல்லடையைத் தூரிகையால் நானே துடைக்கிறேன். இறங்குமுன் பச்சை எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறேன். முறிகண்டியிலிருந்து திரும்பின கிழமையே 12 வோல்ட் பற்றரியைப் புதிதாக மாற்றிவிட்டேன்.

விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் எடுப்பார். முன்பெல்லாம் "பேரன் என்ன செய்யிறான்?" என்றுதான் தொடங்குவார். இப்போது அது இரண்டாவது கேள்வி.

"சின்னப் பற்றரி என்ன மாதிரி?" என்பதுதான் முதல் கேள்வி.